தண்ணீரில் விழுந்த கைபேசிக்கு அரிசி மருந்தா?

ஆடி வெள்ளியில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு நீங்கள் போயிருக்கலாம். அங்கே கமண்டல நாகநதியில் தண்ணீர் ஓடும் நாளில், கை கால் கழுவக் குனிகிறவரின் சட்டைப்பையிலிருந்து கைபேசி நழுவி நீரில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். எடுத்துத் துடைப்பதற்குள் பக்கத்தில் நிற்பவர் யோசனை சொல்லிவிடுவார்: "அரிசியில் புதைத்து வையுங்கள், சரியாகிவிடும்!" ஆரணி வட்டாரத்தில் அரிசிக்கா பஞ்சம்?

இது வேடிக்கையான கேள்வி அல்ல. தறி வைத்திருக்கும் ஒரு வீட்டில் சேலை மாதிரிகளின் படம், கூலிக் கணக்கு, வங்கிப் பணம் வந்து சேரும் வழி, பிள்ளைகளின் பாடம் எல்லாம் அந்த ஒரு கருவிக்குள் இருக்கக்கூடும். ஆகவே நன்றாக ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில், தண்ணீர் கைபேசியை எப்படிக் கெடுக்கிறது? தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் ஆற்று நீரிலும் குழாய் நீரிலும் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவை அயனிகளாகப் பிரிந்து மின்சாரத்தைச் சுமந்து செல்கின்றன. மழை நீர் ஏறக்குறைய தூயது. தெருவைத் தொட்டவுடன் அதுவும் உப்பையும் அழுக்கையும் சேர்த்துக்கொள்கிறது. 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த பெஞ்சல் புயலின்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓடிய வெள்ளமும் அப்படிப்பட்டதுதான். கடல் நீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கைபேசியின் மின்கலம் தருவது சுமார் 3.7 வோல்ட். நீரைப் பகுக்க 1.23 வோல்ட்டுக்குச் சற்று மேல் இருந்தாலே போதும். எனவே நனைந்த கைபேசிக்குள் நடப்பது நீங்கள் வகுப்பில் படித்த மின்பகுப்பேதான். நேர்மின்வாயாக அமைந்த தாமிரக் கம்பி கரைகிறது. கரைந்த தாமிரம் எதிர்மின்வாயில் போய்ப் படிகிறது. இரண்டுக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இல்லாதபோது, அந்தப் படிவு மெல்லிய கிளைபோல வளர்ந்து இரண்டையும் இணைத்துவிடும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் உப்புக் கரைசல் எடுத்து, இரண்டு தாமிரக் கம்பிகளை ஒன்றோடொன்று படாமல் நிறுத்துங்கள். டார்ச் விளக்கின் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 3 வோல்ட் கொடுங்கள். (வீட்டு மின்சாரத்தையோ கைபேசியின் மின்கலத்தையோ இதற்குத் தொடவே கூடாது!) ஒரு கம்பியில் குமிழிகள் கிளம்பும். மற்றதைச் சுற்றி நிறமுள்ள கசடு சேரும். அந்தக் கம்பிதான் அரிக்கப்படுகிறது. ஒரு பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் நின்றுவிடும்.

இப்போது விளங்குகிறதா? ஈரம் மட்டும் எதிரி அல்ல. ஈரத்தோடு சேர்ந்த மின்னழுத்தமே எதிரி. கைபேசியை உடனே அணைக்க வேண்டும். "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று மறுபடி போடுவதும், மின்னேற்றியில் செருகுவதும்தான் பல கைபேசிகளைக் கொல்கின்றன. பழைய மாதிரியானால் மின்கலத்தையே கழற்றிவிடலாம்.

அரிசிக்கு வருவோம். ஆலையில் அரைத்த அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 13, 14 கிராம் நீர் ஏற்கெனவே இருக்கிறது. சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு அது சமநிலைக்கு வந்துவிட்ட பொருள். மேலும் உறிஞ்சும் வேகம் மிகக் குறைவு. பட்டும் இப்படித்தான். முற்றும் உலர்ந்த 100 கிராம் பட்டை, 11 கிராம் ஈரத்தையும் சேர்த்து 111 கிராம் என்று கணக்கிடுவது உலகப் பட்டு வணிகத்தின் வழக்கம். அவித்த நெல்லை நம் ஊர் ஆலைக்காரர் எப்படிக் காயவைக்கிறார்? உலர்ந்த அரிசி மூட்டைக்குள் திணித்தா? களத்தில் பரப்பிக் கிளறிவிடுகிறார். ஈரக் காற்று விலகி, உலர்ந்த காற்று வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மூட்டைக்குள் காற்று அசைவதில்லை. தவிடும் நொய்யும் துளைகளில் புகுவது தனித் தொல்லை. ஆப்பிள் நிறுவனமே 2024 ஜனவரியில், ஈரமான ஐபோனை அரிசிப் பையில் வைக்காதீர்கள் என்று அறிவுரை வெளியிட்டது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? அணைத்தபின் துடைத்து, சிம் தட்டை உருவிவிட்டு, மின்னேற்றும் துளை கீழ்நோக்கி இருக்கும்படி உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். பிறகு நிழலில், மின்விசிறிக் காற்றில் வையுங்கள். வெயிலும் முடி உலர்த்தியும் வேண்டாம். சூடு மின்கலத்துக்கு ஆகாது. எனினும் சில்லுகளுக்கு அடியிலுள்ள மயிரிழை இடுக்குகளில் நுண்புழைக் கவர்ச்சியால் நீர் ஒட்டிக்கொண்டு நிற்கும். நீர் ஆவியானாலும் உப்பு அங்கேயே தங்கும். அதனால்தான் பழுது பார்ப்பவர் பலகையைக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவுகிறார். உப்பு நீரில் விழுந்திருந்தால் காத்திராமல் அவரிடம் கொண்டு போவதே நல்லது. மின்கலம் உப்பியிருந்தாலோ சுட்டாலோ அதை வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

"என்னுடையது ஐ.பி. 68, தண்ணீர் புகாது" என்று சிலர் பெருமை பேசுவார்கள். அது புதிய கருவியை, ஆய்வகத்தில், தயாரிப்பாளர் குறிப்பிட்ட ஆழத்தில் நல்ல நீரில் வைத்துச் சோதித்த அளவு. ஒருமுறை கீழே விழுந்து விளிம்பு விட்டுப்போன கைபேசிக்கு அது பொருந்தாது. சந்தேகமிருந்தால் சிம் தட்டின் துளைக்குள் வெளிச்சம் காட்டிப் பாருங்கள். பல மாதிரிகளில் அங்கே ஒரு சிறு வெள்ளைப் பொட்டு ஒட்டியிருக்கும். அது சிவந்திருந்தால், நீர் அங்கு வரை வந்துவிட்டது என்று பொருள்.