பாட்டி இல்லாத கல்யாண ஆல்பம்... மெமரி கார்டில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

மீஞ்சூரில் அக்கா மகள் கல்யாணம். போட்டோகிராபர் தனியாக ஏற்பாடு செய்திருந்தும், "நீங்களும் எடுங்க மாமா" என்று பெண் சொல்லிவிட்டாள். அப்போதுதான் நிக்கான் டி850 கேமரா ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தேன். 45.7 மெகாபிக்சல். கேமராவுக்குத் தாராளமாகச் செலவழித்த கை, கார்டு வாங்கும்போது சுருங்கிவிட்டது. பெயர்போன கம்பெனியின் பெயர் அச்சிட்ட 256 ஜி.பி. கார்டு பாதி விலைக்குக் கிடைத்ததும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட்டேன்.

மறுநாள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், ரிசப்ஷன் படங்கள் அத்தனையும் அருமை. முகூர்த்தத்துக்குச் சற்று முன்பிருந்து ஃபைல் பெயர்கள் மட்டும் வரிசையாக இருந்தன. திறந்தால் சாம்பல் நிறக் கட்டம். கார்டில் உண்மையில் இருந்தது 32 ஜி.பி. இடம்தான். கேமரா கேட்டால் 256 என்று பொய் சொல்லும்படி அதைச் செய்திருந்தார்கள். எடுத்த உடனே திரையில் படம் தெரிந்துகொண்டிருந்ததால் எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை.

தாலி கட்டிய படம் போட்டோகிராபரிடம் இருந்தது. ஆனால், பந்தி நடந்த இடத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, வெற்றிலையை மடித்தபடி தன் தங்கையோடு சிரித்துக்கொண்டிருந்த பாட்டியை எடுத்தவன் நான் மட்டும்தான். மூன்று மாதத்தில் பாட்டி போய்விட்டார்.

அதன் பிறகுதான் கார்டைப் பற்றி உட்கார்ந்து படித்தேன்.

பெரிய எழுத்தை நம்பாதீர்கள்

கார்டின் மேல் 170, 200 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் கார்டிலிருந்து படிக்கும் வேகம். அதாவது, கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது பயன்படுவது. அதிலும் ஒரு சங்கதி உண்டு. சாதாரண யு.எச்.எஸ்-1 கார்டுக்கு விதிப்படி உச்சபட்ச வேகமே நொடிக்கு 104 எம்.பி.தான். அதைத் தாண்டிய எண்கள், அந்தந்தக் கம்பெனியின் கார்டு ரீடரில் போட்டால் மட்டும் கிடைப்பவை. கேமராவுக்குள் அந்த வேகம் வராது.

நாம் தேட வேண்டியது, சின்னதாக அச்சிட்டிருக்கும் 'வி' என்ற எழுத்தை. வி30 என்றால், தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு 30 எம்.பி.க்குக் குறையாது என்று பொருள். வி60, வி90 கணக்கும் அப்படியே. என் கேமராவில் ஒரு ரா படம் சுமார் 50 எம்.பி. வரும். பழவேற்காட்டில் பூநாரைக் கூட்டம் எழும்பும்போது படபடவென 20 படம் அடித்தால் 1,000 எம்.பி. ஆகிவிடும். உத்தரவாத வேகத்தை வைத்துப் பார்த்தால், வி30 கார்டு அதை எழுதி முடிக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். வி90 கார்டுக்கு 11 நொடி போதும். கேமராவின் தற்காலிக நினைவகம் கொஞ்சம் தாங்கும். அது நிரம்பிவிட்டால், பட்டனை அழுத்தினாலும் கேமரா திணறும். அதற்குள் பறவை அக்கரைக்கே போய்விடும்.

அதற்காக எல்லோரும் வி90 வாங்க வேண்டியதில்லை. விலை கையைக் கடிக்கும். நின்று நிதானமாகக் குடும்பப் படம் எடுப்பவர்களுக்கு நல்ல வி30 கார்டே போதும். வீடியோவுக்கு வேறு கணக்கு. கேமராவில் 400 எம்.பி.பி.எஸ். என்றிருந்தால் பயப்படாதீர்கள்; அது பிட் கணக்கு. எட்டால் வகுத்தால் நொடிக்கு 50 எம்.பி. அதற்கு வி60 வேண்டும்.

வி60, வி90 கார்டுகள் பொதுவாக யு.எச்.எஸ்-2 வகை. பின்பக்கம் இரண்டு வரிசைப் பித்தளை நிறத் தொடுமுனைகள் இருக்கும். கேமராவும் அந்த வகையை ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் கொடுத்த காசு வீண். 45 மெகாபிக்சல் கேனான் ஆர்5-இல் ஒரு ஸ்லாட் எஸ்.டி. கார்டுக்கும், இன்னொன்று சி.எஃப்.எக்ஸ்பிரஸ் 'பி' கார்டுக்கும் உரியவை. 61 மெகாபிக்சல் சோனி ஏ7ஆர்5-இன் இரண்டு ஸ்லாட்டுமே எஸ்.டி.யையோ சி.எஃப்.எக்ஸ்பிரஸ் 'ஏ' கார்டையோ ஏற்கும். 'ஏ' சின்னது, 'பி' பெரியது. ஒன்று மற்றதில் நுழையாது. ரிச்சி தெருவரை ரயிலேறிப் போய், மாற்றி வாங்கி வந்துவிடாதீர்கள்.

காலியாகக் கிடந்த ஸ்லாட்

என்னுடைய பெரிய தப்பு எது தெரியுமா? என் கேமராவில் எஸ்.டி. ஸ்லாட்டுக்குப் பக்கத்திலேயே எக்ஸ்.க்யூ.டி. ஸ்லாட்டும் உண்டு. அந்தக் கார்டு விலை அதிகம் என்று காலியாக விட்டிருந்தேன். 'பேக்கப்' என்று வைத்திருந்தால் ஒவ்வொரு படமும் இரண்டிலும் விழுந்திருக்கும். (அப்படி வைக்கும்போது, இரண்டில் மெதுவான கார்டின் வேகம்தான் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.)

உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு போட்டோகிராபரை பேசி முடிக்கும்போது, ஆல்பம் எத்தனை பக்கம் என்பதோடு இதையும் கேளுங்கள்: "தம்பி, ரெண்டு கார்டுலயும் பதிவாகுற மாதிரி எடுப்பீங்களா? எங்களுக்குப் படம் கொடுக்கிற வரைக்கும் கார்டை அழிக்காம வைப்பீங்களா?" நல்ல தொழில்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

புதுக் கார்டு வாங்கினால், விசேஷத்துக்கு முன்பே முழுக்க நிரப்பிச் சோதித்துவிடுங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்குக்கு எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கொள்ளளவு பொய் என்றால் காட்டிக்கொடுத்துவிடும். 128 ஜி.பி. கார்டு கம்ப்யூட்டரில் 119 என்று காட்டுவது ஏமாற்று அல்ல. கணக்கிடும் முறை வேறு, அவ்வளவுதான்.

தவறிப்போய் படங்களை அழித்துவிட்டால், அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காமல் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பெரும்பாலும் மீட்டுத் தரும். நானும் ஓர் இரவு முழுக்க ஓட்டிப் பார்த்தேன். ரிசப்ஷன் படங்கள்தான் மறுபடி மறுபடி வந்தன. முகூர்த்தப் படங்கள் கார்டில் எழுதப்படவே இல்லை.

வருகிற மாதம் அதே பெண்ணுக்கு வளைகாப்பு. இந்த முறை இரண்டு ஸ்லாட்டிலும் 64 ஜி.பி. கார்டு போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் 1,200 படங்கள் அடங்கும். இரண்டையும் நிரப்பிப் பார்த்தாயிற்று. பாட்டியின் தங்கை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.