மலையேறினால் மங்கும் சுடர்

1859 ஆகஸ்டில் வேதியியலாளர் எட்வர்ட் ஃபிராங்க்லேண்டும் இயற்பியலாளர் ஜான் டிண்டாலும் ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் சிகரத்தில் ஓரிரவு தங்கினார்கள். அடிவாரத்தில் எரித்து எடைபோட்டுப் பார்த்த மெழுகுவத்திகளை உச்சியிலும் ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் எரிந்து தீர்ந்த மெழுகு இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. வெளிச்சம் மட்டும் உச்சியில் வெகுவாகக் குறைந்திருந்தது.

சுடரின் மஞ்சள் ஒளி, அதற்குள் பழுக்கக் காய்ந்த நுண்ணிய கரித்துகள்களிலிருந்து வருவது. காற்றழுத்தம் குறையும்போது அந்தத் துகள்கள் குறைவாகவே உருவாகின்றன. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் சுமார் 77 சதவீதம்தான். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

அதனால் மலைத்தீ சாதுவானது என்று எண்ணிவிடக் கூடாது. டிசம்பர், ஜனவரி உறைபனியில் கருகிய புல் மார்ச்சில் சருகாகக் கிடக்கும். சரிவில் ஏறும் தீ, தனக்கு மேலே இருக்கும் செடிகொடிகளை முன்கூட்டியே காயவைத்துவிடும். சரிவு 10 டிகிரி கூடினால் பரவும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். 2024 மார்ச்சில் குன்னூர் காட்டில் பற்றிய தீ நாள்கணக்கில் அடங்கவில்லை. கடைசியில் விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் வந்து 16,000 லிட்டருக்கும் மேல் தண்ணீரைக் கொட்டியது.

அறைக்குள் சிக்கல் வேறு மாதிரி. ஒளிவகைப் புகை உணரி, தன் ஒளிக்கதிரைப் புகைத்துகள்கள் சிதறடிப்பதை வைத்தே தீயை அறிகிறது. துகள் குறைந்தால் அபாய ஒலியும் தாமதமாகும். 3,650 மீட்டர் உயர லாசாவிலும் சமவெளி நகரமான ஹெஃபேயிலும் ஒரே எரிபொருளை எரித்துப் பார்த்த சீன ஆய்வாளர்கள் இந்த வேறுபாட்டை அளந்திருக்கிறார்கள். உதகையில் அது லாசா அளவுக்கு இருக்காது. ஆனால் திசை அதுதான். போதாக்குறைக்கு, ஜன்னல் வழியே நுழையும் மூடுபனியின் நீர்த்துளிகளும் ஒளியைச் சிதறடிக்கும். பொய்யான அபாய ஒலியில் சலித்துப்போய் பேட்டரியைக் கழற்றிவைத்தால் அந்த உணரியால் யாருக்கும் பயனில்லை.

எல்லாவற்றிலும் கொடியது கரிக்கணப்பு. தணலைச் சட்டியில் அள்ளி அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலை அடைத்துத் தூங்கியவர்கள் விடியலில் இறந்துகிடந்த செய்திகள் நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கின்றன. தணலில் கண்ணுக்குத் தெரியும் புகை இல்லை. அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். ஆக்சிஜனின் அழுத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும் மலையில் நஞ்சின் கை மேலும் ஓங்கிவிடுகிறது. புகை உணரி இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது.

அதற்கென்றே தனி உணரி இருக்கிறது. மலைநகர விடுதிகளில் ஒவ்வோர் அறையிலும், தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலும் அதைப் பொருத்த வேண்டும். அதுவரை கரிச்சட்டியை வாசலுக்கு வெளியே நிறுத்துங்கள்; குளிர் தாங்கவில்லை என்றால் இன்னொரு கம்பளி கேட்டு வாங்குங்கள்.