எண்ணெய் தங்கும் தலை

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரை ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடுகிற தாமிரபரணியின் இரு கரைகளிலும் குடியிருக்கும் ஜனங்கள், குளியலை அவசரமாக முடித்துக்கொண்டு எழுந்துபோகிற வழக்கம் சமீப காலம் வரையில் இல்லாதவர்கள். சனிக்கிழமை ஆண்களுக்கும், செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கும் என்று எண்ணெய் ஸ்நானத்திற்கு நாள் குறித்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து ஊறி, சீயக்காயும் பயற்றமாவும் கொண்டு அதைப் போக்கி, குறுக்குத்துறைப் படித்துறையிலோ வீட்டு வெந்நீர் அண்டாவின் பக்கத்திலோ ஒரு முற்பகலையே அதற்கென்று ஒதுக்கியவர்கள். இவ்வளவு சிரத்தையோடு சிரசைப் பேணிய சீமையில் பொடுகு என்னும் உபத்திரவம் அபூர்வமாகத்தான் இருக்கவேண்டும் என்று ஒருவர் அனுமானித்தால் அதில் பிழை காண முடியாது; ஆயினும் நெல்லை டவுனிலும் பாளையங்கோட்டையிலும் கறுப்புச் சட்டை அணிந்து வெளியே போகத் தயங்குகிற வாலிபர்களுக்குக் குறைவில்லை. முன்னோரின் வழக்கத்தில் ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மறு பாதியைக் கைவிட்டதே இதற்குப் பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

பொடுகு என்பது செத்த தோலின் செதில். மேல்தோலின் அணுக்கள் அடியில் பிறந்து, மெல்ல மேலேறி, ஏறக்குறைய ஒரு மாத காலத்தில் உதிர்ந்துபோவது எல்லா மனிதருக்கும் இயற்கை. அவை தனித்தனியே, கண்ணுக்குப் புலப்படாத தூளாக உதிர்வதால் நாம் அதை அறிவதில்லை. ஏதோ ஒரு காரணத்தால் சருமம் எரிச்சலுற்று, இந்தப் பிறப்பும் உதிர்வும் துரிதமாகும்போது, முதிராத அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே பெயர்ந்து வெள்ளைச் செதில்களாகத் தோளில் விழுகின்றன. அந்த எரிச்சலை உண்டாக்குவது எது என்னும் விசாரணையில், 1874-ஆம் ஆண்டில் லூயி சார்ல் மலசே என்ற பிரெஞ்சு மருத்துவர், தலைச் செதில்களை நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, அவற்றிடையே காளான் இனத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணுயிரைக் கண்டார். அவர் பெயரால் இன்று மலசேசியா என்று வழங்கும் அந்தப் பூஞ்சை, பொடுகு உள்ளவர் இல்லாதவர் என்ற பேதமின்றி எல்லோருடைய தலையிலும் வாசம் செய்கிறது. ஆகவே அடுத்தவர் சீப்பினால்தான் பொடுகு தொற்றியது என்று அண்டை வீட்டுப் பெண்மேல் பழி போடுவதில் பொருள் இல்லை.

இந்தப் பூஞ்சைக்கு ஒரு விசேஷக் குறைபாடு உண்டு. நம் கதை முழுவதும் அதைச் சுற்றியே அமைகிறது. பொடுகோடு நெருங்கிய சம்பந்தமுள்ள மலசேசியா குளோபோசா என்னும் வகையின் மரபணுத் தொகுதியை 2007-இல் விஞ்ஞானிகள் முழுவதும் படித்தபோது, உயிர் வாழ்வதற்கு இன்றியமையாத கொழுப்பு அமிலங்களைத் தானே தயாரித்துக்கொள்ளும் சக்தி அதற்கு இல்லை என்பது உறுதியாயிற்று. தனக்கென்று அடுப்பு மூட்டத் தெரியாத இந்த ஜீவன், மயிர்க்கால்களை அடுத்த சுரப்பிகள் வெளியிடும் நெய்ப்பையே நம்பி வாழ்கிறது. லைபேஸ் என்னும் நொதியால் அந்த நெய்ப்பைப் பிளந்து, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாத ஓலியிக் அமிலம் முதலியவற்றைத் தோலின்மேல் விட்டுவிடுகிறது. அந்த மிச்சந்தான் சிலருடைய சருமத்தை உறுத்துகிறது. பொடுகுக்கு ஆளாகும் தன்மையுள்ளவர்களின் தலையில் வெறும் ஓலியிக் அமிலத்தை மட்டும் தடவியபோதும் செதில் உதிர்ந்தது என்றும், அத்தன்மை இல்லாதவர்களிடம் அவ்வாறு நிகழவில்லை என்றும் 2005-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. நெய்ப்புச் சுரப்பிகள் பருவ வயதில் விழித்துக்கொள்வதால் பொடுகும் அப்போதே தலைகாட்டுகிறது. ஐம்பதைக் கடந்தபின் பெரும்பாலும் தணிந்துவிடுகிறது.

இனி நம் வழக்கங்களுக்கு வருவோம். தலையில் செதில் உதிர்வதைக் கண்டவுடன், தலை வறண்டுபோயிற்று என்று தீர்மானித்து எண்ணெயை இன்னும் தாராளமாக வைப்பது நம் வீடுகளில் முதல் வைத்தியம். எண்ணெய் பட்டவுடன் செதில்கள் தோலோடு படிந்து மறைந்துவிடுவதால், ஒருநாள் பொழுதுக்கு இந்த வைத்தியம் பலித்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் மறைந்தது செதிலேயன்றி அதன் காரணம் அன்று. நல்லெண்ணெயின் கொழுப்பில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு ஓலியிக் அமிலம். தேங்காயெண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலம். இரண்டு எண்ணெயிலிருந்தும் ஆகாரம் பெற மலசேசியாவால் முடியும். இதைக்கொண்டு எண்ணெயை அடியோடு குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் நான் விரும்பவில்லை. போபாலிலுள்ள ஐசர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 140 இந்தியப் பெண்களிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காயெண்ணெய் பூசியபின் தலைத்தோலின் நுண்ணுயிர்க் கூட்டம் ஆரோக்கிய நிலையை நோக்கித் திரும்பியதாகவும் கண்டிருக்கிறார்கள். எண்ணெய் எது என்பதைக் காட்டிலும், அது எத்தனை நேரம் தலையில் தங்குகிறது என்பதையே நாம் முதலில் கேட்கவேண்டும்.

தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி, நான்கு நாட்களுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்று முறை வகுத்து, எண்ணெய் தேய்த்தால் வெந்நீரில் குளிக்கவேண்டும் என்றும் சொல்லிவைத்திருக்கிறது. முழுக்கு என்றால் தேய்ப்பதும் போக்குவதும் சேர்ந்த காரியம். காலையில் ஏறிய எண்ணெய் மத்தியானத்திற்குள், சீயக்காயிலுள்ள நுரைக்கும் சத்தோடும் வெந்நீரோடும் கலந்து வழிந்து, தலையை விட்டு நீங்கிவிடும். இன்றைய வழக்கமோ வேறு. பள்ளிக்கூடத்திற்குப் போகும் பெண்குழந்தைக்கு விடிந்ததும் எண்ணெய் வழிய வழித்து வாரி இரட்டைச் சடை பின்னி அனுப்புகிறோம். அந்த எண்ணெயின்மேல் வெயிலும் வியர்வையும் புழுதியும் ஏறுகின்றன. மறுநாள் அதன்மேலேயே இன்னொரு கை எண்ணெய். தலைக்குக் குளிப்பது ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒத்திப்போடப்படுகிறது. பெரியவர்கள் இதே தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்ணார்பேட்டைப் பாலத்து நெரிசலில் சித்திரை வெயிலைச் சகிக்கிறார்கள். ஏழு நாள் உபசாரம் பெற்ற பூஞ்சை, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் நடவடிக்கைக்கு அஞ்சவேண்டிய அவசியமில்லை.

குற்றாலத்துக் கதை இன்னும் சுவையானது. சாரல் காலத்தில் அருவிக்கரையில் மாலிஷ் செய்கிறவர்களிடம் உடலையும் தலையையும் ஒப்படைத்து, எண்ணெய் மினுமினுக்க அருவியின் கீழ் நின்றுவிட்டு வருவதைப் பரம சுகமாகக் கருதாதவர் இல்லை. ஆனால் குளிர்ந்த நீர், எவ்வளவு வேகமாக விழுந்தாலும், எண்ணெயைக் கரைத்துப் போக்காது. தண்ணீரின் அறைதலில் தலை சுத்தமாகிவிட்டதென்று மனம் திருப்தியடைகிறதே தவிர, எண்ணெயில் பெரும்பகுதி ஊர்வரைக்கும் கூடவே வருகிறது. மிச்சப் பகுதி சிற்றாற்றில் இறங்கி, சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலக்கிறது. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்தலாகாதென்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது நீரின் நலங்கருதித்தான். தலைகளுக்கும் அதனால் கொஞ்சம் நன்மை விளைந்திருக்கக்கூடும்.

ஏனைய பழக்கங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஈரம் உலருமுன் கூந்தலைக் கொண்டையாக முடிந்து பூவைச் சூட்டிக்கொள்வது, பூஞ்சைக்கு உகந்த வெம்மையையும் ஈரத்தையும் ஒருங்கே கொடுக்கிறது. அரிப்புத் தாங்காமல் நகத்தாலும் ஈர்வலியாலும் செதிலைச் சுரண்டி எடுப்பதால் தோல் கீறி, எரிச்சலூட்டும் பொருள்கள் உள்ளே புகுவதற்கு வாயில் திறந்துவிடுகிறது. அந்தக் கீறலின்மேல் எலுமிச்சம்பழத்தைத் தேய்ப்பது வைத்தியமன்று, தண்டனை. ஆற்று நீர் எட்டாத ஊர்களில் உப்புத்தண்ணியில் சோப்புப் போட்டுத் தலைக்குக் குளிப்பவர்கள், நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் சோப்பும் சேர்ந்து திரிந்து மயிரில் படியும் வெள்ளைப் பிசுக்கைப் பொடுகென்று எண்ணி வீணே கவலைப்படுவதும் உண்டு. ஷாம்புவில் அந்தத் திரிதல் நேர்வதில்லை.

ஷாம்பு என்றதும் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் வகுத்துக் கொடுத்த சிறு பாக்கெட் வழி, சீமான்களின் குளியலறையில் புட்டியாக இருந்த அந்த வஸ்துவைப் பெட்டிக்கடைச் சரமாக்கி எல்லோர் கைக்கும் கொண்டுவந்து சேர்த்தது, நல்ல காரியந்தான். ஆனால் பாக்கெட்டைக் கிழித்து, நுரை வந்ததும் ஒரு சொம்பு நீரில் கழுவிவிடுகிற அவசரமும் கூடவே வந்தது. கீட்டோகோனசோல் போன்ற மருந்து கலந்த பொடுகு ஷாம்பு, மயிரிலன்றித் தோலில் பட்டு, மூன்று முதல் ஐந்து நிமிஷமாவது தங்கினால்தான் பூஞ்சையை அடக்கும். வாரம் இருமுறையாகச் சில வாரங்கள் அவ்வாறு செய்யவேண்டும். எண்ணெய் விஷயத்தில் நீக்கவேண்டியதைத் தங்கவிடுகிற நாம், மருந்து விஷயத்தில் தங்கவேண்டியதை நீக்கிவிடுகிறோம்.

வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஈரம் கண்ட இடமெல்லாம் தரையோடு படர்ந்து சிறு பூக்கள் பூக்கும் பொடுதலையைக் காய்ச்சித் தைலமாக்கிப் பொடுகுக்குப் பூசுவது சித்த வைத்தியத்தில் நெடுங்கால வழக்கு. பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கப்பட்ட அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருப்பதால், இதைப்பற்றி யோசனை கேட்க இந்த ஊர்க்காரர்கள் வெகுதூரம் போகவேண்டியதில்லை. எந்தத் தைலமானாலும் குளிப்பதற்குச் சற்று முன் தேய்த்து, அன்றைக்கே போக்கிவிடுவது உசிதம். செதில் புருவத்திலும் மூக்கின் பக்கங்களிலும் இறங்கிச் சிவந்தாலும், தடித்த பட்டைகளாக எழும்பினாலும், குழந்தையின் தலையில் வட்டவட்டமாக மயிர் உதிர்ந்தாலும் அது வெறும் பொடுகன்று. முன்னிரண்டுக்கும் சரும வைத்தியரின் பரிசோதனை வேண்டும், கடைசியாகச் சொன்ன தலைப்படைக்கு உள்ளுக்கு மருந்து கொடுக்காமல் தீராது. சாதாரணப் பொடுகோ, அடங்கிய பின்னும் பூஞ்சை தலையிலேயே இருப்பதால், கவனம் தளர்ந்த சில வாரங்களில் மீண்டும் வரும். பொடுகு வந்தவர்கள் முதலில் தங்கள் எண்ணெய்க் கிண்ணத்தையும், தலைக்குக் குளிக்கும் நாட்களின் இடைவெளியையும் பார்த்துவிட்டு மருந்துக்கடைக்குப் புறப்படலாம்.