தோட்டம் தாமானாக மாறுமுன்

இரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறுவது நம் நாட்டிற்குப் புதிதன்று. பெட்டாலிங் ஜெயா 1950-ஆம் ஆண்டுகளில் எபிங்காம் தோட்டத்தில் எழுந்தது. சுபாங் ஜெயா 1970-ஆம் ஆண்டுகளில் சீபீல்டு தோட்டத்தில் உருவாயிற்று. பி.பி. 86 என்னும் புகழ்பெற்ற இரப்பர் மரவகையை உலகிற்கு அளித்த பிராங் பெசார் தோட்டத்தில், 1995-இல் புத்ராஜெயாவின் கட்டுமானம் தொடங்கிற்று.

மக்கள் பெருகும்போது வீடுகளும் பெருகியாக வேண்டும். ஆயினும், வரைபடம் தீட்டுவோர் தோட்டத்தை வெற்று நிலமாகக் கருதிவிட்டால், பல தலைமுறைகளின் உழைப்புச் சுவடுகள் சில நாள்களில் மறைந்துவிடும். ஆகவே, திட்டம் தீட்டுமுன் நிலத்தின் வரலாற்றை மதிப்பிடுதல் இன்றியமையாதது.

நிலம் கூறும் செய்தி

மதிப்பீடு செய்வோர் தனித்தனிக் கட்டடங்களை மட்டும் நோக்குதல் போதாது. அவை ஒன்றோடொன்று பொருந்தி நின்ற முறையையும் நோக்குதல் வேண்டும். பல தோட்டங்களில் துரை பங்களா மேட்டின்மேல் நின்றது. லயங்கள் தாழ்ந்த நிலத்தில் வரிசையாக அமைந்தன. தோட்டத்தில் நிலவிய ஏற்றத்தாழ்வை அவ்வமைப்பே எடுத்துரைக்கும். சரிவுகளில் மண் அரிப்பைத் தடுக்க வெட்டப்பட்ட படிகளும் குழிகளும் மழைநீரின் போக்கை அறிந்து செய்யப்பட்டவை. அவற்றை ஆராய்ந்து சாலையும் வடிகாலும் அமைப்பது புதிய குடியிருப்புக்கும் நன்மை தரும்.

மதிப்பிடும் முறை

முதலில், பழைய நில வரைபடங்களை இன்றைய நிலத்தோடு ஒப்பிட வேண்டும். அடுத்து, நிலம் முழுவதையும் நடந்து பார்க்க வேண்டும். மூன்றாவதாக, அங்கு வாழ்ந்தோரைக் கேட்டறிய வேண்டும். கல்லறைக் கல் இல்லாத இடுகாட்டை எந்த வரைபடமும் காட்டாதிருக்கலாம். அதனை அங்குள்ள முதியோரே அறிவர்.

கண்டறிந்தவற்றை மூவகையாகப் பிரிக்கலாம். ஆலயம், இடுகாடு, தமிழ்ப்பள்ளி போன்றவை இருந்த இடத்திலேயே காக்கத்தக்கவை. முதுமரங்களும் ஓடையும் திடலும் புதிய குடியிருப்பின் பூங்காவாகவும் விளையாட்டிடமாகவும் இணையத்தக்கவை. லயங்களும் புகைக்கூடும் அகற்றப்பட வேண்டியிருப்பின், அவற்றை முன்னதாக அளந்து, படமெடுத்து, பதிவு செய்தல் வேண்டும்.

சட்டம் தரும் வாய்ப்பு

தீபகற்ப மலேசியாவில் 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 1995-இல் திருத்தப்பட்டது. அதன்படி, மேம்பாட்டுக்கு அனுமதி கோருவோர் அளிக்கும் அறிக்கையில் நிலத்தின் அமைப்பு, நீர்நிலைகள், மரங்கள், பாதிக்கப்படக்கூடிய கட்டடங்கள் ஆகியவற்றின் விவரங்கள் இடம்பெற வேண்டும். ஊராட்சி மன்றம் உள்ளூர்த் திட்டத்தின் நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது, குறித்த காலத்திற்குள் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ், ஓர் இடத்தைத் தேசிய மரபுடைமையாக அறிவிக்குமாறு எவரும் அமைச்சருக்குப் பரிந்துரைக்கலாம். ஆயினும், எல்லாத் தோட்டங்களும் அச்சிறப்பைப் பெற இயலாது. பெரும்பாலானவற்றின் கதி வீடமைப்பு வரைபடத்திலேயே முடிவாகிறது. எனவே, வரைபடம் உறுதியாகுமுன் பேசுவதே பயன் தரும்.

நாம் செய்ய வேண்டுவன

ஆலயமும் இடுகாடும் தனி நிலப்பட்டா உடையனவா என்பதை நில அலுவலகத்தில் கேட்டறிதல் முதற்கடமை. பல்லாண்டு வழிபாடு மட்டுமே நிலவுரிமை ஆகிவிடாது. ஆலயக் கல்வெட்டு, குடமுழுக்கு அழைப்பிதழ், பள்ளிப் பதிவேடு, பழைய நிழற்படங்கள் ஆகியவற்றைத் திரட்டிவைக்க வேண்டும். இளைஞர்கள் முதியோரை உடன் அழைத்துச் சென்று, கிணறு, கல்லறை, பெரட்டுக் களம் இருந்த இடங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம். அவ்வரைபடத்துடன் விண்ணப்பத்தை எழுத்து வடிவில் ஊராட்சி மன்றத்திடமும் மாவட்ட அலுவலகத்திடமும் அளித்து, பெற்றுக்கொண்டமைக்கான முத்திரையுள்ள நகலைத் தம்மிடம் வைத்துக்கொள்ளுதல் நலம்.

இரப்பர்க் கன்றுகள் நம் நாட்டிற்கு வந்தது 1877-இல். அன்று வந்தவற்றுள் ஒரு மரம் கோலகங்சாரில் போற்றிக் காக்கப்படுகிறது. மரத்தைக் காத்த நாடு, அம்மரத்தில் பால் வெட்டியோரின் சுவடுகளையும் காக்க வேண்டும். அச்சுவடுகள் எங்கே உள்ளன என்று சுட்டிக்காட்ட வேண்டியவர்கள் தோட்டத்து மக்களே.