நன்றிக் கடன் யாருடையது?

நாற்பது ஆண்டுகள் ஆசிரியத் தொழில் செய்தவன் நான். நான் திருத்திய கட்டுரைகளுள், "நாய் நன்றியுள்ள பிராணி" என்று தொடங்கியவை எத்தனை நூறு என்று கணக்கிட்டுச் சொல்ல இயலாது. அந்த வாக்கியத்தின்கீழ் நான் ஒருபோதும் சிவப்புக் கோடு இட்டதில்லை. அதில் பிழை இருக்கக்கூடும் என்ற எண்ணமே எனக்கு உதித்ததில்லை. ஓய்வுபெற்று அரியாலையில் வீட்டோடு இருக்கும் இந்நாளில், எங்கள் நாய்க்கு வந்த ஒரு நோய் அவ்வாக்கியத்தை மீண்டும் படித்துப் பார்க்கும்படி செய்துவிட்டது.

வீரன் விலைகொடுத்து வாங்கிய நாயன்று. ஒரு மாரிகாலத்தில் கண்டி வீதியோரமாக நனைந்து வந்து, எங்கள் படலையடியில் ஒதுங்கி, அப்படியே தங்கிவிட்ட ஊர்நாய். சென்ற ஆண்டு அதன் பின்புறத்தில் இரத்தம் கசிவதைக் கண்டோம். கடிகாயம் என்று எண்ணி மஞ்சள் பூசினோம். கசிவு நிற்கவில்லை, பூக்கோவாவைப் போன்று ஒரு சதை திரண்டு வளர்ந்தது. அயலவர் ஒருவர், "உதுக்குப் போய் ஏன் காசு செலவழிக்கிறியள், மாஸ்ரர்? எங்கையாவது கொண்டுபோய் விட்டுவிடுங்கோ" என்றார். உண்மையைச் சொல்வதானால், அவர் சொல்லை என் மனமும் பாதி ஏற்றுக்கொண்டது. அன்றிரவும் வீரன் வழக்கம்போல் வாசற்படியிலேயே படுத்திருந்தது. நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்த தருமபுத்திரனின் கதையை எத்தனை வகுப்புகளில் உருக்கமாகச் சொல்லியிருப்பேன்! விடிந்ததும் வாகனம் பிடித்து மிருக வைத்தியரிடம் சென்றேன்.

அவர் ஓர் இளம் பெண். சதையிலிருந்து சிறிது எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒற்றிப் பார்த்துவிட்டு, "இது புற்றுநோய்தான், சேர். ஆனால் மருந்துக்கு அடங்குகிற புற்றுநோய். கிழமைக்கு ஓர் ஊசி, நாலு கிழமை, மிஞ்சினால் ஆறு கிழமை" என்றார். மருந்தின் பெயரை ஒரு துண்டில் எழுதித் தந்தார்: வின்கிறிஸ்ரின்.

அப்பெயரை நான் முன்பே அறிவேன். என் பழைய மாணவன் ஒருவனுடைய எட்டு வயது மகன் இரத்தப் புற்றுநோய்க்காக மகரகமையில் சிகிச்சை பெற்று வந்தான். அவனுக்குக் கொடுக்கும் மருந்துகளைத் தகப்பன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, நான் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். அவற்றுள் முதலாவது இதுதான். ஒரு குழந்தைக்கும் ஒரு தெருநாய்க்கும் ஒரே மருந்தா? எனக்கு முதலில் உண்டானது வியப்பன்று, ஒருவகைக் கூச்சம். அக்கூச்சத்தைப் போக்கிக்கொள்ளவே இதைப்பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

அந்த மருந்தின் பிறப்பிடம் எங்கள் வேலியோரமே என்று சொல்லலாம். உப்புக்காற்றுக்கும் அஞ்சாமல் ஆண்டு முழுவதும் பூத்துக் கிடக்கும் பட்டிப்பூச் செடிதான் அது. தமிழகத்தில் இதனை நித்தியகல்யாணி என்பர். சுடுகாட்டு மல்லி என்பாரும் உளர். மங்கலமும் மரணமும் ஒரே பூவின் பெயர்களாய் அமைந்திருப்பது பொருத்தமே. ஜமேக்கா நாட்டு மக்கள் இதன் இலையை நீரிழிவுக்குக் கஷாயமாகக் குடித்து வந்தனர். கனடாவில் நோபிள், பியர் என்னும் இருவர் அதனைச் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை. எலிகளின் வெண்குருதிக் கலங்களே குறைந்தன. அந்தத் தோல்வியிலிருந்து 1958இல் ஒரு மருந்து வெளிவந்தது. அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்ரின் 1963இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஒரு கலம் இரண்டாகப் பிரிவதற்கு வேண்டிய நுண்ணிழைகளை இது உருவாகவொட்டாமல் தடுக்கிறது. பல நூறு கிலோ காய்ந்த இலையிலிருந்து கிடைப்பது ஒரு கிராமளவே. ஆகவே வேலியோர இலையை அரைத்துக் குடிக்க எவரும் முற்படலாகாது, அது நஞ்சு.

வீரனுக்கு வந்த நோயின் வரலாறு இதனினும் விந்தையானது. பொதுவாகப் புற்றுநோய் ஓர் உடலில் தோன்றி அவ்வுடலோடு அழியும். இதுவோ நாய்கள் இணைசேரும்போது, உயிருள்ள புற்றுக்கலங்களாகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுகிறது. 1876இல் உருசியாவில் நொவின்ஸ்கி என்ற மிருக வைத்தியர் இக்கட்டியின் துண்டை வேறொரு நாயில் பதித்து வளரச்செய்து காட்டினார். 43 நாடுகளிலிருந்து பெற்ற 546 கட்டிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, கேம்பிரிட்ஜ் அறிஞர்களை உள்ளிட்ட குழுவினர் 2019இல் வெளியிட்ட முடிவு நம்மைத் திகைக்கச் செய்வது. 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்த ஒரேயொரு நாயின் கலங்களே இன்றும் உலகெங்கும் உயிர்வாழ்கின்றன என்கிறார்கள்! சங்கப் புலவர்களுக்கும் முந்திய ஒரு நாயின் ஒரு துளி, அரியாலையில் எங்கள் வாசற்படியில் படுத்திருந்தது.

இத்துணைப் பழமையான நோய் சில ஊசிகளில் மறைவதேன்? மருந்து கட்டியைத் தாக்கியதும், அதுவரை உறங்கிக்கிடந்த உடலின் காவற்கலங்கள் விழித்துத் திரண்டு மீதியை அழிக்கின்றன என 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மனிதப் புற்றுநோயிலும் வைத்தியர்கள் விடைதேடும் வினா இதுவேயன்றோ?

இங்கேதான் நாயும் பூனையும் ஆராய்ச்சிக்கு உதவும் முறை தெளிவாகிறது. ஆய்வுகூடத்து எலிக்குப் பெரும்பாலும் நோயை நாமே உண்டாக்குகிறோம். வீட்டுப் பிராணிக்கோ அது தானாக வருகிறது. நாம் குடிக்கும் நீரைக் குடித்து, நாம் விடும் புகையைச் சுவாசித்து, நம்மைப்போல் முதுமையடைந்தே அது நோயுறுகிறது. அதன் ஆயுள் குறுகியதாகையால் சிகிச்சையின் பலனும் விரைவில் தெரியவருகிறது. 2003இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் இதற்கெனவே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2005இல் நாயின் மரபணுத் தொகுதியும் வாசிக்கப்பட்டது.

ஓர் உதாரணம் கூறுவேன். பெருத்த சாதி நாய்களுக்கு வரும் எலும்புப் புற்றுநோய், வளரும் பிள்ளைகளுக்கு வருவதைப் பெரிதும் ஒத்தது. காலை அகற்றிய பின்னரும் அது நுரையீரலில் தலைகாட்டும். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் மக்கியூவனும் அவர் குழுவினரும், காவற்கலங்களைத் தூண்டும் ஒரு மருந்தை இத்தகைய நாய்களுக்குக் கொடுத்தனர். மருந்து பெறாதவற்றின் இடைநிலை ஆயுள் 77 நாள். பெற்றவற்றுக்கு 222 நாள். 1989இல் வெளிவந்த முடிவு இது. மிபமூர்டைட் எனப்படும் அம்மருந்து 2009இல் ஐரோப்பாவில் பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் கொடுக்க அனுமதிக்கப்பட்டது. அமெரிக்க அதிகாரிகள் மட்டும் சான்று போதாதென்று மறுத்துவிட்டனர். நாய் வழிகாட்டும், முடிவான தீர்ப்பு மனிதரிடத்துச் செய்யும் சோதனையிலேயே கிடைக்கும்.

பூனையின் செய்தி நமது குடாநாட்டுக்கு இன்னும் நெருக்கமானது. புகைப்போர் வீட்டுப் பூனைகளுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வரும் அபாயம் இருமடங்குக்கு மேற்பட்டதென 2002இல் அமெரிக்காவின் ரவ்ற்ஸ் பல்கலைக்கழக ஆய்வு கூறிற்று. உரோமத்தில் படியும் புகைத்தூளைப் பூனை தன் நாவினாலேயே நக்கித் துடைக்கிறது. அதன் வாயில் வரும் புற்றுநோய்க்கும் புகைக்கும் தொடர்புண்டோ என்றும் ஆய்வாளர் ஐயுறுகின்றனர். புகையிலை விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்த மண் இது. இலங்கை ஆண்களிடையே மிகுந்து காணப்படுவதும் வாய்ப்புற்றுநோயே. திண்ணையில் சுருட்டுப் பிடிக்கும் பாட்டனாரின் மடியில் கிடக்கும் பூனை, அவர் அறியாமலே அவருக்கு ஓர் எச்சரிக்கை ஏந்தி நிற்கிறது.

இதில் அறக்கேள்வி ஒன்றுண்டு. வீட்டுக்காரர் சம்மதிக்கலாம், நாய் சம்மதித்ததா? அதனால் சொல்ல முடியாது. ஆகையினால் சிகிச்சையின் முதல் நோக்கம் அப்பிராணியின் நலமாகவே இருத்தல் வேண்டும். நமக்குக் கிடைக்கும் அறிவு அதன்பின் வரும் பயனே. நோவு மிகுந்தால் நிறுத்திவிடும் துணிவும் நமக்கு வேண்டும். இந்த ஒழுங்கு தலைகீழானால் வீரன் நோயாளியாக இராது; வெறும் கருவியாகிவிடும்.

ஊசிகள் நடந்துகொண்டிருந்த ஒரு மாலையில் என் மாணவன் தொலைபேசியில் வந்தான். தயங்கித் தயங்கிச் செய்தியைச் சொன்னேன். தன் பிள்ளையை நாயோடு ஒப்பிட்டதாக வருந்துவானோ என்ற பயம். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தொலைபேசி சிறுவனிடம் சென்றது. "வீரனுக்கும் தலைமயிர் கொட்டுமோ, தாத்தா?" என்று அவன் கேட்டான். நாய்களுக்குப் பெரும்பாலும் கொட்டாது என்று வைத்தியர் சொன்னதைச் சொன்னேன். "அது நல்லது" என்றான்.

ஐந்தாம் ஊசியோடு வீரனின் கட்டி மறைந்தது. நோய் பிற நாய்களுக்குப் பரவாதிருக்கக் கருத்தடையும் செய்வித்தோம். சிறுவனுக்குச் சிகிச்சை இன்னும் முடியவில்லை. ஆனால் இந்த விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தான். தொப்பி அணிந்த அவன் பட்டிப்பூ வேலியோரம் குந்தியிருக்க, வீரன் அவன் காலடியில் கிடந்தது. இருவரும் ஒரே மருந்தைக் குடித்தவர்கள் போலல்லாது, ஒரே வகுப்பில் படித்தவர்கள் போல இருந்தனர்.

இனி எந்த மாணவனாவது "நாய் நன்றியுள்ள பிராணி" என்று எழுதி என்னிடம் கொண்டுவந்தால், அதைப் பிழையென்று வெட்டமாட்டேன். கீழே ஒரு கேள்வி மட்டும் எழுதுவேன்: "நாம்?"