தீயணைப்பு வண்டி வரும்வரை

பனியன் என்றதும் உங்கள் நினைவுக்கு வரும் ஊர் எது? திருப்பூர் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள அந்த நகரைச் சுற்றி, அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி, காங்கயம், தாராபுரம் என்று நாலா பக்கமும் நூற்றுக்கணக்கான சிற்றூர்கள் இருக்கின்றன. ஓர் ஊரில் நூற்பாலை. அடுத்த ஊரில் விசைத்தறிக் கூடம். இன்னோர் ஊரில் பனியன் கழிவுத் துணி அடுக்கிய கிடங்கு. காங்கயம் பக்கம் போனால் தேங்காய்ப் பருப்பு உலர்த்தும் களங்கள். இவற்றுக்கு நடுவே ஓலை வேய்ந்த தோட்டத்துச் சாளைகள், மாட்டுக் கொட்டகைகள், சோளத்தட்டுப் போர்கள். தீக்கு இலை போட்டு விருந்து வைத்தாற்போல் இருக்கிறது அல்லவா?

இத்தகைய ஊர் ஒன்றில் தீப்பிடித்தால் என்ன ஆகும்? 101 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தகவல் சொல்வார்கள். தீயணைப்பு நிலையம் 20 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும் 24 நிமிடம் ஆகும். காய்ந்த ஓலைக்கூரை எரிந்து விழப் பத்து நிமிடம் போதும். ஆகவே முதலில் தீயோடு போராடுகிறவர்கள் சீருடை அணிந்த வீரர்கள் அல்லர். பக்கத்துத் தோட்டத்துக்காரர், தறி ஓட்டுபவர், ஆடு மேய்ப்பவர் ஆகியோரே. அவர்கள் கைக்கு எட்டும் அறிவியல் எவ்வளவு என்று பார்ப்போம்.

பஞ்சு எரியும் விதம்

தீ எரிய எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் ஆகிய மூன்றும் வேண்டும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு கிலோ மரக்கட்டையும் ஒரு கிலோ பஞ்சும் பெரும்பாலும் செல்லுலோஸ் என்ற ஒரே பொருளால் ஆனவைதாம். ஆனால் தீக்குச்சியைக் கிழித்து வைத்தால் கட்டை கருகுவதோடு நின்றுவிடும். பஞ்சு குப்பென்று பற்றிக்கொள்ளும். காரணம் பரப்பளவு. ஒரு கிலோ பஞ்சின் இழைகளை ஒன்றன்பின் ஒன்றாக முடிந்து நீட்டினால் ஏறத்தாழ 6000 கிலோமீட்டர் வரும். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்குப் போய்த் திரும்பும் தொலைவு! அவ்விழைகளின் மொத்தப் பரப்பு சுமார் 300 சதுர மீட்டர். அதே எடையுள்ள சதுரக் கட்டைக்கோ ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பரப்பு முழுவதும் காற்று படுவதால் உதிரிப் பஞ்சின்மேல் தீ ஓடுவதைக் கண்ணால் தொடர்வதே கடினம். பருத்தியோடு கலந்து வந்த ஓர் ஆணி எந்திரத்தின் இரும்புப் பல்லில் உரசி எழுப்பும் பொறி போதும். அதனால்தான் நூற்பாலைகளில் பஞ்சு செல்லும் வழியில் காந்தம் வைத்து இரும்புத் துண்டுகளைப் பிடிக்கிறார்கள்.

இது மேல்தீ. இதைவிடப் பொல்லாதது உள்ளே இருக்கும் கனல். நம் நாட்டுப் பஞ்சுப் பொதி சுமார் 170 கிலோ எடை உள்ளது. இரும்புபோல் அழுத்திக் கட்டியிருப்பார்கள். உள்ளே காற்று குறைவு. ஆகையால் மேலே சுடர் அணைந்த பின்னும் நடுவில் கனல் சுடரில்லாமல் மெல்லப் புகைந்துகொண்டே இருக்கும். சில வேளை நாள்கணக்கில். ‘அணைந்துவிட்டது’ என்று எல்லாரும் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார்கள். விடியற்காலை மறுபடியும் கிடங்கு எரியும். தீப்பட்ட பொதிகளை வெளியே இழுத்து, கட்டை அறுத்து, பிரித்து நனைத்துப் போட வேண்டும். இரவு முழுவதும் காவல் இருக்கவும் ஆள் வேண்டும். இந்தக் கண்விழிப்புக்கு எந்த ஊரிலும் பாராட்டு கிடைப்பதில்லை!

தண்ணீரை ஊற்றினால் கனல் அணையாதா? நன்றாய்க் கேட்டீர்கள். பருத்தி இழையின்மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. தண்ணீர் அதில் எளிதில் ஒட்டாது, வழிந்தோடிவிடும். சாயப்பட்டறைகளில் துணியைக் காரத்தில் வேகவைப்பது இந்த மெழுகை நீக்கத்தான். இல்லாவிட்டால் சாயம் ஏறாது. தீயணைப்பவர்க்கு வேகவைக்க நேரம் ஏது? தண்ணீரில் சிறிது சோப்பைக் கரைத்துவிட்டால் அதன் பரப்பு இழுவிசை குறைந்து, இழைகளுக்கு இடையே நீர் புகும். நீங்களே செய்து பார்க்கலாம். காயிலிருந்து எடுத்த பஞ்சை ஒரு சிட்டிகை பிய்த்து வெறும் தண்ணீரிலும், அதே அளவை சோப்புத் தண்ணீரிலும் போடுங்கள். எது முதலில் முங்குகிறது, எத்தனை நொடியில் என்று குறித்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடைப் பஞ்சு இதற்கு உதவாது. அதில் மெழுகை முன்பே நீக்கியிருப்பார்கள்.

பஞ்சுக் கனலின் கொடுமையை நம் நாடு மறக்க முடியாத நாள் ஒன்று உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ‘போர்ட் ஸ்டிக்கின்’ என்ற கப்பல் நின்றிருந்தது. அதில் கராச்சியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகள். கூடவே 1400 டன் அளவுக்கு வெடிபொருள்! நடுப்பகலுக்குப் பின் புகை தெரிந்தது. டன்கணக்கில் தண்ணீர் இறைத்தும், அடர்ந்த புகையில் கனல் இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்க இயலவில்லை. மாலை 4 மணிக்குச் சற்றுப் பின் கப்பல் வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், அவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கொண்டாடுவது அவர்கள் நினைவாகத்தான்.

பூட்டிய கிடங்கில் புகை மண்டியிருந்தால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே பாயக்கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். காற்றுக் குறைவில் எரியும் பஞ்சு கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தவிர, கதவு திறந்ததும் புகும் புதுக்காற்று, உள்ளே காத்திருந்த சூடான வாயுக்களை ஒரே மூச்சில் பற்றவைத்துவிடும்.

அறுபது குடங்கள்

ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி போதும். அதையே ஆவியாக்க மேலும் 540 கிலோகலோரி வேண்டும். இதுவே உள்ளுறை வெப்பம். தீயிலிருந்து இவ்வளவையும் பிடுங்கிக்கொள்வதால்தான் தண்ணீர் தீயை அணைக்கிறது. சுடரைப் பார்த்து வீசும் நீர் வீண். எரியும் பொருளின்மேல் படுவதே பயன் தரும்.

கிணற்றடியிலிருந்து 30 பேர் வரிசையாக நின்று குடங்களைக் கைமாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நொடிக்கு ஒரு குடம், குடத்துக்கு 10 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 200 லிட்டர். தீயணைப்பு வண்டி ஒன்றில் ஏறத்தாழ 4500 லிட்டர் தண்ணீர் இருக்கும். அந்த வரிசை அதே அளவுத் தண்ணீரைச் சுமார் 22 நிமிடத்தில் கொண்டு சேர்த்துவிடும். வண்டி வந்து சேரும் நேரமும் அதுதானே! ஆனால் காலிக்குடங்கள் திரும்பி வர இன்னொரு வரிசை வேண்டும். போகிற கைகளில் 30, வருகிற கைகளில் 30. ஆக 60 குடங்கள். ஆள் இருந்து குடம் இல்லாவிட்டால் வரிசை நின்றுவிடும். 1736இல் பெஞ்சமின் பிராங்க்ளின் பிலடெல்பியா நகரில் தீயணைக்கும் தொண்டர் சங்கம் அமைத்தபோது, ஒவ்வோர் உறுப்பினரும் தோல்வாளிகளைச் சொந்தச் செலவில் வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்று விதித்ததன் பொருள் இப்போது புரியும்.

மோட்டார் இருக்கும்போது குடம் எதற்கு? 5 குதிரைத்திறன் மோட்டார் 30 மீட்டர் ஆழத்திலிருந்து நிமிடத்துக்கு 450 லிட்டர்வரை இறைக்கும். ஆனால் எரியும் வீட்டின்மேல் தண்ணீர் ஊற்றுமுன் மின்சாரத்தைத் துண்டித்தாக வேண்டும். ஊருக்கு ஒரே டிரான்ஸ்பார்மர் என்றால், அதை நிறுத்தியதும் மோட்டாரும் நின்றுவிடும்! எந்த வீட்டுக்கு எந்த இணைப்பு என்பதை ஊர் வயர்மேனிடம் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. டிரான்ஸ்பார்மரில் கைவைப்பது மின்வாரியத்தார் வேலை. தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பழகிய திருப்பூர் வட்டாரத்தில் இன்னொரு வசதி உண்டு. தெருத்தெருவாகத் தண்ணீர் விற்கும் லாரிகள்! பெரிய லாரி ஒன்றில் இரண்டு தீயணைப்பு வண்டித் தண்ணீர் இருக்கும்.

சமையல் எரிவாயு உருளை தீயின் நடுவே கிடந்தால் மட்டும் இந்த வீரமெல்லாம் வேண்டாம். உள்ளே திரவம் கொதித்து அழுத்தம் ஏறும். வெளியே சூட்டில் இரும்பு வலுவிழக்கும். எல்லாரையும் அழைத்துக்கொண்டு தொலைவுக்கு ஓடிவிட வேண்டும்.

யார் கூரையைப் பிரிப்பது?

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றைப் பல்லடம், உடுமலைப் பக்கத்தார் நன்கு அறிவர். அங்கே காற்றாலைகள் வரிசையாய்ச் சுழல்வது அதன் தயவில்தான். அந்தக் காற்றில் ஓர் ஓலைச்சாளை எரிந்தால் பொறிகள் பறந்து அடுத்த கூரையில் விழும். பொறி விழாவிட்டாலும், கதிர்வீசல் மூலம் வரும் வெப்பமே பக்கத்து ஓலையைக் காயவைத்துப் பற்றத் தயாராக்கிவிடும். தொலைவு கூடக்கூட இவ்வெப்பம் விரைந்து குறையும். ஆகவே எரிகிற கூரையை விட்டுவிட்டு, காற்று வீசும் திசையில் அடுத்துள்ள எரியாத கூரையைப் பிரித்துப் போட்டு இடைவெளி உண்டாக்குவதே சிறந்த வழி. கருவி? ஆட்டுக்குத் தழை பறிக்கும் தொரட்டி போதும். நீண்ட மூங்கில், நுனியில் கொக்கி.

ஜப்பானில் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், 1720 வாக்கில் ஏற்பட்ட நகரத் தீயணைப்புக் குழுக்கள் இதே முறையைத்தான் கையாண்டன. மரவீடுகளைக் கொக்கியால் இழுத்துப் பிரிப்பதே அவர்களின் முக்கிய வேலை. சாரம் கட்டும் தொழிலாளரையே அதற்குச் சேர்த்தார்கள். கட்டத் தெரிந்தவனுக்குத்தானே பிரிக்கவும் தெரியும்!

கூரையைப் பிரிப்பது எளிது. பிரிக்கச் சம்மதிப்பதுதான் கடினம். 1666 செப்டம்பரில் லண்டன் பற்றி எரிந்தபோது, சில வீடுகளை உடனே இடித்திருந்தால் தீ நின்றிருக்கும் என்பார்கள். நகரத் தலைவர் பிளட்வொர்த் தயங்கினார். சொந்தக்காரர்களின் இசைவின்றி இடித்தால் இழப்பீட்டை யார் கட்டுவது என்ற அச்சம். நான்கு நாள்களில் 13,000 வீடுகள் சாம்பலாயின. இன்று தீயணைப்பு அலுவலருக்குச் சட்டம் அந்த அதிகாரத்தைத் தருகிறது. வண்டி வருமுன் அங்கே நிற்கும் அயலாருக்கோ எந்த அதிகாரமும் கிடையாது. ‘பிரிங்க சாமி, பாத்துக்கலாம்’ என்று வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்கு, நாளைக்கே ஊர் கூடிக் கீற்று கொண்டுவந்து வேய்ந்து கொடுக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு இருக்க வேண்டும். எரிந்த வீட்டுக்காரருக்கு அரிசியும் துணியும் பாத்திரமும் தர எல்லாரும் ஓடி வருவார்கள். எரியாமலே கூரையை இழந்தவர் அந்தக் கூட்டத்தில் மறந்துபோகப்படுவது எளிது. என்னைக் கேட்டால், முதல் கீற்றுக்கட்டு அவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

அக்கம்பக்கத்தார் என்ற இந்தப் படை சமவெளியில் மட்டும் இருப்பதன்று. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேறச் சென்றவர்களைச் சூழ்ந்தது. சென்னையிலிருந்து ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து ஒரு குழுவும் போயிருந்தன. சரிவில் தீச்சுடர் மேல்நோக்கிச் சாய்ந்து முன்னேயுள்ள புல்லைக் காயவைத்துக்கொண்டே போகும். அதனால் மலையில் ஏறும் தீ மனிதனை முந்திவிடும். அன்று 23 உயிர்கள் பலியாயின. சாலை இல்லாத அந்தச் சரிவுகளுக்கு முதலில் ஏறிச் சென்று, காயம்பட்டவர்களைப் போர்வையில் கட்டிச் சுமந்து இறக்கியவர்கள் குரங்கணி ஊராரும் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும்தாம்.

வெளிநாடுகளில் இப்பணிக்கு ஒழுங்கான அமைப்பு உண்டு. சிலி நாட்டில் தீயணைப்பு வீரர் அனைவருமே சம்பளம் வாங்காத தொண்டர்கள். 1851இல் வால்பரைசோ துறைமுகத்தில் தொடங்கிய வழக்கம் இது. ஜெர்மனியில் கிராமத்துக்குக் கிராமம் தொண்டர் படை இருக்கிறது. நம் ஊர்களில் அப்படிப் பெயர்ப்பலகை மாட்டிய படை இல்லையென்றாலும் பயிற்சி பெற்றவர்கள் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆலைகளில் தீத்தடுப்பு ஏற்பாடுகளை வற்புறுத்தியது. தீயணைப்பானைக் கையாளவும் குழாயைப் பிடிக்கவும் பழகிய நூற்பாலைத் தொழிலாளி, ஷிப்டு முடிந்ததும் சைக்கிளில் திரும்புவது பக்கத்துச் சிற்றூருக்குத்தான். ஊரில் அவர் யார் யார் என்று கேட்டு வைத்தால் பாதிப் படை தயார்.

ஆலைச் சுவரில் தொங்கும் சிவப்பு வாளியின் அடிப்பாகம் உருண்டையாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கீழே வைத்தால் நிற்காது. வேறு வேலைக்கு யாரும் எடுத்துப் போகக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். சிற்றூரில் இதற்கு நேர்மாறு. குடம், தொரட்டி, மருந்து தெளிக்கும் விசைத்தெளிப்பான் எல்லாம் அன்றாடம் புழங்குபவை, துருப்பிடிக்க வழியில்லை. ஏணி ஒன்றுதான் தொல்லை. அது யார் வீட்டில் இருக்கிறது, அந்த வீடு பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்பது தெருவில் உள்ள எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.