பூட்டு லேப்டாப்ல, சாவி பாக்கெட்ல

போன செமஸ்டர் எங்க ஹாஸ்டல்ல ஒரு லேப்டாப் காணாம போச்சு. பறிகொடுத்த நண்பன் மெஷினுக்காக அவ்வளவா வருத்தப்படல. உள்ள இருந்த ஆதார் ஸ்கேன், வீட்டு ஃபோட்டோ, ப்ராஜெக்ட் கோட் எல்லாம் இப்ப யார் கையில இருக்கோன்னுதான் புலம்பினான். "பாஸ்வேர்டு போட்டிருந்தேனே மச்சி!" லாகின் பாஸ்வேர்டு வாசல் கதவு மட்டும்தான். டிஸ்க்கைக் கழட்டி வேற மெஷின்ல மாட்டினா எல்லாத்தையும் படிக்கலாம்.

அதனாலதான் டிஸ்க்கையே என்க்ரிப்ட் பண்ணணும். லினக்ஸ்ல இதுக்கு வழக்கமா பயன்படுவது லக்ஸ். ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியறதில்ல: உங்க பாஸ்வேர்டு டேட்டாவை நேரடியா பூட்டுவதில்லை. பூட்டுவது சிஸ்டமே உருவாக்கும் ஒரு ரேண்டம் மாஸ்டர் கீ. அந்தக் கீயை உங்க பாஸ்வேர்டால பூட்டி, டிஸ்க்கோட ஆரம்பத்துல ஹெடர்னு ஒரு பகுதியில வெச்சிருக்கும். பீரோ சாவியை ஒரு டப்பாவுல போட்டுப் பூட்டி, டப்பாவை பீரோ மேலேயே வைக்கிற மாதிரி. இந்த டப்பாக்களுக்குப் பேர் கீ ஸ்லாட். லக்ஸ் 1-ல 8, லக்ஸ் 2-ல 32 வரைக்கும் வெச்சுக்கலாம்.

திருடனுக்கு டிஸ்க் கிடைச்சா டப்பாவும் சேர்ந்து கிடைக்குது. ராத்திரி பகலா பாஸ்வேர்டை யூகிச்சுக்கிட்டே இருக்கலாம். லக்ஸ் 2 ஒவ்வொரு முயற்சியையும் வேணும்னே மெதுவாக்கும். ஆனா உங்க பேரும் பிறந்த வருஷமும்தான் பாஸ்வேர்டுன்னா அது எத்தனை நாள் தாங்கும்?

சாவியை வெளிய எடுத்துட்டா? ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பென் டிரைவ்ல ஒரு கீ ஃபைல். 64 பைட் ரேண்டம் டேட்டா போதும், அதை யூகிக்கவே முடியாது. ஆனா லேப்டாப்பும் பென் டிரைவும் ஒரே ஆள் கையில சிக்கினா கதை முடிஞ்சது, பாஸ்வேர்டே கேக்காது. ரெண்டாவது, ஹெடரையே பிரிச்சு பென் டிரைவுக்கு மாத்துறது. இப்ப டிஸ்க்ல டப்பாவே இல்ல, யூகிக்க ஒண்ணுமே கிடையாது. பென் டிரைவ் தொலைஞ்சாலும் பாஸ்வேர்டு தெரியணும். எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. என் டேட்டா பார்ட்டிஷனுக்கு இப்படித்தான் வெச்சிருக்கேன். (நேரா உங்க டிஸ்க்ல முயற்சி பண்ணாதீங்க. புதுசா லக்ஸ் போட்டா பழைய டேட்டா போயிடும். முதல்ல ஒரு காலி பென் டிரைவ்ல பழகுங்க.)

இவ்வளவும் பண்ணிட்டு, முதல் ஒரு மாசம் பென் டிரைவை லேப்டாப் பை முன் ஜிப்லயே வெச்சிருந்தேன். பை போனா ரெண்டும் போகும்! அப்புறம் பேன்ட் பாக்கெட்டுக்கு மாத்தினேன். அது ஒரு ஞாயித்துக்கிழமை பக்கெட்ல சோப்புத் தண்ணியில ஊறுச்சு. காய வெச்சு மாட்டினப்போ வேலை செஞ்சது. செய்யலைன்னா என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் அவ்வளவுதான். ஹெடர் போனா பாஸ்வேர்டு தெரிஞ்ச உங்களாலயும் திறக்க முடியாது, எந்த ரிக்கவரி கடைக்காரராலயும் முடியாது.

அதனால ஹெடருக்கு ஒரு நகல் கட்டாயம். லக்ஸ் 2-ல அது வழக்கமா 16 எம்பிதான். ஆனா ஒரு சிக்கல்: பாஸ்வேர்டு லீக் ஆகி, நீங்க புதுசு மாத்தினாலும், பழைய நகல்ல பழைய பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்யும். மாஸ்டர் கீ அதேதானே. பழைய நகலை அழிக்கணும். அது வேற யார்கிட்டயோ போயிருந்தா மொத்த டிஸ்க்கையும் மறுபடி என்க்ரிப்ட் பண்ணணும்.

இன்னொண்ணு, மெஷின் ஆன்ல இருக்கும்போது மாஸ்டர் கீ ரேம்ல இருக்கும். பவர் போனதும் ரேம் உடனே காலியாகிடறதில்ல, குளிர வெச்சா இன்னும் தாங்கும். அதிலிருந்தே கீயை எடுக்கலாம்னு 2008-ல பிரின்ஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் செஞ்சு காட்டினாங்க. ஊருக்குப் பஸ் ஏறும்போது மூடியை மட்டும் மூடாம ஷட் டவுன் பண்ணுங்க.

விண்டோஸ்காரங்க பிட்லாக்கரோட 48 இலக்க ரிக்கவரி கீ எங்க இருக்குன்னு இன்னிக்கே தேடுங்க. பல பேருக்கு மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல ஏறியிருக்கும்.

என் ஹெடர் நகல் ஊர்ல இருக்கு. "இது என்னடா?"ன்னு அம்மா கேட்டாங்க. "சாவிம்மா"ன்னேன். பீரோவுல நகைப் பெட்டிக்குப் பக்கத்துல வெச்சுட்டாங்க.